குறை யாருக்கு? ஊசி யாருக்கு?



தமிழில் 'மலடி' என்றொரு சொல் இருக்கிறது. அகராதியைப் புரட்டினால் 'மலடன்' என்ற சொல்லும் இருக்கிறது. முதல் சொல்லைக் கல்யாண வீட்டில் கேட்கிறோம், பிள்ளைக்குப் பெயர் வைக்கும் வீட்டில் கேட்கிறோம், குழாயடியில் கேட்கிறோம். இரண்டாவது சொல்லை உங்கள் வாழ்நாளில் ஒரு தடவையாவது யார் வாயிலிருந்தாவது கேட்டதுண்டா?

கேட்டிருக்க மாட்டீர்கள். ஏனென்றால் குழந்தை பிறக்கவில்லை என்றால் குறை பெண்ணிடம்தான் என்று தீர்ப்பு எழுதி முடித்துவிட்டவர்கள் நாம். தீர்ப்புக்குப் பிறகுதான் விசாரணை! அந்த விசாரணையும் ஒருத்திக்கு மட்டும்தான்! தாயத்து அவள் கழுத்துக்கு. தகடு அவள் தலையணைக்கு அடியில். நாட்டு மருந்துக் கஷாயம் அவள் வாய்க்கு. இப்போது ஹார்மோன் ஊசியும் அவள் வயிற்றுக்கு!

வைத்தியம் செய்யக் கூடாது என்று சொல்ல வரவில்லை. அந்த ஊசி பலருடைய மடியில் குழந்தையைத் தந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். நாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். கணவனைப் பரிசோதிக்காமலேயே மனைவிக்கு ஊசி போடச் சொல்லும் துணிச்சல் நமக்கு எங்கிருந்து வந்தது?

அந்த ஊசி என்றால் என்ன?

'ஏதோ ஊசி போடுறாங்களாம்' என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறோம். அவள் எதைத் தாங்குகிறாள் என்பதைக் கணவன்மார்களும் மாமியார்மார்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு பெண்ணின் சினைப்பையில் மாதத்துக்குப் பொதுவாக ஒரு கருமுட்டைதான் முதிர்கிறது. சோதனைக் குழாய் முறைக்கு ஒன்று போதாது. பல முட்டைகள் வேண்டும். 1978 ஜூலையில் இங்கிலாந்தில் பிறந்த முதல் சோதனைக் குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன், ஊசி போடாமல் இயற்கையாக முதிர்ந்த ஒரே முட்டையிலிருந்து உருவானவர். அதே ஆண்டு அக்டோபரில் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய், ஹார்மோன் ஊசி போட்டு முட்டைகளை வளர்த்து ஒரு குழந்தையை உருவாக்கினார். அன்று அந்த மருத்துவரை யாரும் நம்பவில்லை. இன்று உலகெங்கும் நடப்பது பெரும்பாலும் ஊசி வழிதான்.

மாதவிடாயின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் தொடங்குகிறது. தினமும் ஓர் ஊசி, தொப்புளுக்குக் கீழே தோலுக்கடியில். எட்டு முதல் பன்னிரண்டு நாட்கள். ஐந்தாறு நாட்கள் கழிந்ததும், முட்டை நேரத்துக்கு முன்பே வெளிப்பட்டுவிடாமல் தடுக்க இன்னோர் ஊசி சேர்ந்துகொள்கிறது. நடுவில் இரத்தப் பரிசோதனைகள். இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு முறை ஸ்கேன். அதுவும் வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் அல்ல. உள்ளே கருவியைச் செலுத்திப் பார்ப்பது.

முட்டைகள் வளர்ந்தபின் கடைசி ஊசி. அதை மருத்துவர் சொன்ன மணியில், நள்ளிரவானாலும், போட்டாக வேண்டும். அதிலிருந்து ஏறத்தாழ 36 மணி நேரத்தில், மயக்க மருந்து கொடுத்து, பிறப்புறுப்பின் சுவர் வழியே நீண்ட ஊசியைச் சினைப்பைக்குள் செலுத்தி முட்டைகளை உறிஞ்சி எடுக்கிறார்கள். கருவைக் கருப்பையில் வைத்த பிறகும் ஓய்வில்லை. கரு தங்குவதற்கு வேறொரு ஹார்மோன். அது ஊசியாகவோ, உள்ளே வைக்கும் மாத்திரையாகவோ தினமும் தொடர்கிறது. ஊசி என்றால் எண்ணெயில் கலந்தது. இடுப்புக்குக் கீழே தசையில் ஏறும். போட்ட இடம் கட்டிப்போய், உட்காரவும் முடியாமல் வலிக்கும்.

கூட்டிப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு இருபது, முப்பது ஊசி! அதன் முடிவில் பாதிக்கு மேற்பட்ட சுற்றுகள் தோல்வியில் முடிகின்றன. பிறகு மறுபடியும் முதல் ஊசியிலிருந்து!

அந்த நாட்களில் வயிறு உப்பும், மார்பு கனக்கும், தலை வலிக்கும். காரணமில்லாமல் அழுகை வரும், எரிச்சல் வரும். உடலுக்குள் ஹார்மோன் பல மடங்கு ஏறி இறங்கும்போது வருவது அது. 'ஊசி போட ஆரம்பிச்சதுலேர்ந்து மருமகளுக்குத் திமிர் ஏறிப்போச்சு' என்று பேசும் மாமியார்களே! ஏறியது திமிரல்ல, மருந்து!

இன்னொன்றையும் மனதில் பதியுங்கள். சிலருக்கு, குறிப்பாகச் சினைப்பையில் நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு, ஊசிக்குச் சினைப்பை அளவுக்கு மீறி வீங்கிவிடும். வயிறு வேகமாகப் பெருத்தாலோ, மூச்சு முட்டினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அன்றிரவே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். 'ஊசி போட்டா அப்படித்தான் இருக்கும், படு' என்று சொல்வது அவள் உயிரோடு விளையாடுவது.

குறை அவனுக்கு, ஊசி இவளுக்கு!

உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது குழந்தையின்மையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஏப்ரலில் அறிவித்தது. குழந்தையில்லாத் தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம், தனியாகவோ மனைவியின் குறையோடு சேர்ந்தோ, ஆணின் குறையும் காரணமாக இருக்கிறது. மருத்துவர்கள் நீண்ட காலமாகச் சொல்லிவரும் செய்தி இது.

இப்போது கவனியுங்கள். கணவனுக்கு விந்தணு மிகக் குறைவு. அதற்கென்றே 1992ல் பெல்ஜியம் நாட்டின் பிரஸ்ஸல்ஸில் ஒரு முறை வெளிவந்தது. ஒற்றை விந்தணுவை எடுத்து நுண்ணிய ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் 'இக்ஸி' முறை. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அந்த முட்டை எங்கிருந்து வரும்? எந்தக் குறையும் இல்லாத மனைவியின் வயிற்றிலிருந்து! அவளுக்குப் பன்னிரண்டு நாள் ஊசி போட்டு, மயக்கம் கொடுத்து எடுக்க வேண்டும். மூளையிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் குறையுள்ள சில ஆண்களுக்கு இதே ஹார்மோன் ஊசிகள் பலன் தருகின்றன. அவர்கள் சொற்பம். மற்றபடி நோய் அவனுடையது, வைத்தியம் இவள் உடம்பில்!

அவனுக்காக இத்தனை ஊசியையும் வாங்கிக்கொண்டு, 'குறை என்னிடம்தான்' என்று ஊராரிடம் பொய்யும் சொல்லி, கணவனின் மானத்தைக் காத்து நிற்கும் பெண்கள் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்கள். அவர்களைத்தான் நாம் மலடி என்கிறோம். அல்லாஹ்வுக்கு அஞ்ச வேண்டாமா?

ஆணுக்குரிய முதல் பரிசோதனை என்ன? இரண்டு முதல் ஏழு நாட்கள் இடைவெளி விட்டு ஒரு சிறிய டப்பாவில் மாதிரி கொடுப்பது. அவ்வளவுதான். ஊசி இல்லை, மயக்கம் இல்லை, வலி இல்லை. சில நூறு ரூபாயில் முடியும் இந்தக் காரியத்தை மாதக்கணக்கில் தள்ளிப்போடும் ஆண்கள் எத்தனை பேர்! 'எனக்கு என்ன குறை? நான் ஆம்பளை!' என்கிறார்கள். ஆண்மை வேறு, விந்தணுவின் எண்ணிக்கை வேறு. உடல் கட்டாக இருக்கும். தாம்பத்தியத்தில் எந்தக் குறையும் இருக்காது. மாதிரியில் ஒரு விந்தணுகூட இருக்காது. ஜிம்முக்குப் போய்த் தசை ஏற டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞர்களுக்கு விந்தணு உற்பத்தியே நின்றுபோவதும் உண்டு. வீராப்புக்கு ஊசி போட்டுக்கொள்ளத் தெரிந்தவனுக்கு, ஒரு டப்பாவில் மாதிரி கொடுக்க வெட்கமா?

மார்க்கத்தைச் சாக்காகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். 'மாதிரி எடுப்பது கூடுமா?' என்று பேணுதலோடு கேட்கிறார்கள். மனைவியின் துணையோடு வீட்டிலேயே எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் பரிசோதனைக் கூடத்தில் சேர்க்கலாம். வழி இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறோம். உன் மனைவியின் மறைவிடத்தில் வாரம் இரண்டு முறை கருவியை வைத்துப் பார்க்கிறார்களே, அப்போது எங்கே போனது உன் பேணுதல்?

நாட்காட்டியை நம்பாதீர்கள்!

நம் சமுதாயத்துக்கென்றே உள்ள இன்னோர் அநியாயத்தையும் சொல்லியாக வேண்டும்.

கல்யாணம் முடிந்த நாற்பதாம் நாள் மாப்பிள்ளை சவூதிக்கோ துபாய்க்கோ விமானம் ஏறுகிறார். இரண்டு வருடம் கழித்து அறுபது நாள் விடுப்பில் வருகிறார். ஊர் என்ன சொல்கிறது? 'கல்யாணமாகி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு, ஒண்ணும் இல்லை.' எத்தனை வருடம்? அவர்கள் சேர்ந்து வாழ்ந்தது மொத்தம் நூறு நாள்!

ஒரு மாதத்தில் கருத்தரிக்க வாய்ப்புள்ளவை ஏறத்தாழ ஆறு நாட்கள். நூறு நாளில் மூன்று மாதவிடாய்ச் சுழற்சி. ஆக, இந்தத் தம்பதிக்குக் கிடைத்தது பதினெட்டு நாள். அதிலும் விருந்துக்குப் போனது, பயணம் போனது, உடம்பு சரியில்லாமல் இருந்தது எல்லாம் கழிக்க வேண்டும். மருத்துவ இலக்கணப்படி, கருத்தடை ஏதுமின்றிப் பன்னிரண்டு மாதங்கள் தொடர்ந்து சேர்ந்து வாழ்ந்தும் கருத்தரிக்காவிட்டால்தான் குழந்தையின்மை. மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறார்கள். இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு, நூறு நாள் இல்லறத்துக்கு, மலடிப் பட்டமா?

பட்டத்தோடு நிற்பதில்லை. 'அவன் லீவு முடியறதுக்குள்ள உண்டாகணும்' என்று மருத்துவரை நெருக்குகிறார்கள். பல மருத்துவர்கள் பொறுமையாக எடுத்துச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். வியாபாரமாக நடத்துபவர்களோ வந்ததை விடுவதில்லை. எந்த நோயும் இல்லாதவளுக்கு விமான டிக்கெட் தேதியைப் பார்த்து ஊசி! அவளுக்குத் தேவை ஊசியல்ல, கணவன்! குடும்பத்தை உடன் அழைத்துக்கொள்ள வசதியுள்ளவர் அழைத்துக்கொள்ளட்டும். இயலாதவர், நாட்களை எண்ணும்போதாவது நேர்மையாக எண்ணட்டும்.

செலவு யார் தலையில்?

ஒரு சுற்றுக்கு லட்சக்கணக்கில் ஆகிறது. யார் கொடுப்பது? 'உங்க பொண்ணுக்குத்தானே குறை, நீங்க பாத்துக்குங்க' என்று பெண் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கல்யாணத்தில் கைக்கூலி வாங்கினார்கள், சீர் வாங்கினார்கள். இப்போது பேரன் வேண்டும் என்பதற்கும் சம்பந்தியே பணம் கட்ட வேண்டுமாம்! தகப்பன் வீட்டை அடகு வைக்கிறார். அவளுடைய நகை ஒவ்வொன்றாகக் கடைக்குப் போகிறது.

மனைவியைப் பராமரிப்பது கணவனின் பொறுப்பு. மஹர் அவளுக்கே உரியது. அவளாக மனமுவந்து விட்டுக்கொடுத்தாலன்றி அதைத் தொட உனக்கு உரிமையில்லை என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 4ஆம் வசனம் தரும் சட்டம். குழந்தை இருவருக்கும் வேண்டும். ஊசியின் வலி அவளுக்கு. பணமும் அவள் தகப்பனுக்கா? அப்படியானால் கணவனின் பங்குதான் என்ன?

மார்க்கம் என்ன சொல்கிறது?

'அல்லாஹ் தந்தால் தரட்டும், வைத்தியம் செய்வது தக்தீருக்கு மாறு' என்று சிலர் பேசுகிறார்கள். அல்லாஹ் தான் நாடியவர்களுக்குப் பெண் மக்களையும், நாடியவர்களுக்கு ஆண் மக்களையும், சிலருக்கு இரண்டையும் கொடுக்கிறான், சிலரைப் பிள்ளையற்றவர்களாக ஆக்குகிறான் என்பதை அஷ்ஷூரா அத்தியாயத்தின் 49, 50 வசனங்கள் சொல்கின்றன. அதில் நமக்கு ஈமான் உண்டு. அதே மார்க்கத்தில்தான் நபி (ஸல்) அவர்கள், வைத்தியம் செய்துகொள்ளலாமா என்று கேட்ட கிராமவாசிகளிடம் செய்துகொள்ளுங்கள் என்று ஏவிய ஹதீஸும் இருக்கிறது. அபூதாவூதிலும் திர்மிதியிலும் உஸாமா பின் ஷரீக் (ரலி) வழியாக அது பதிவாகியுள்ளது.

சோதனைக் குழாய் முறை கூடுமா? கணவனின் விந்தும் மனைவியின் முட்டையும் சேர்ந்து, அதே மனைவியின் கருப்பையில் வைக்கப்படுமானால் கூடும். மூன்றாம் நபரின் விந்தோ முட்டையோ கருப்பையோ நுழைந்தால் கூடாது. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1986 அக்டோபரில் அம்மான் நகரில் கூடி எடுத்த முடிவு இது. ஆகவே மருத்துவமனையில் நீட்டும் தாளில் கண்ணை மூடிக் கையெழுத்துப் போடாதீர்கள். யாருடைய முட்டை, யாருடைய விந்து என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

நோன்பு நாளில் ஊசி? சத்து ஏற்றும் ஊசி அல்லாத சிகிச்சை ஊசிகள் தோலில், தசையில், நரம்பில் எங்கே போட்டாலும் நோன்பு முறியாது. பெண்களுக்கு உள்ளே வைக்கும் மாத்திரையாலும் பரிசோதனைக் கருவியாலும் முறியாது என்று அதே அகாடமி 1997ல் ஜித்தாவில் முடிவு செய்தது. மாற்றுக் கருத்துள்ள ஆலிம்களும் இருக்கலாம். அவர்கள் கருத்தின்படியும் நோயாளிக்கு அல்பகரா 185ஆம் வசனத்தின் சலுகை உண்டு. பிறகு களாச் செய்துகொள்ளலாம். நோன்பைக் காரணம் காட்டி அவளை ஊசியைத் தள்ளிப்போட வைத்துப் பல நாள் வைத்தியத்தை வீணாக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஜகரிய்யா (அலை) அவர்களின் துஆவைச் சிந்தித்துப் பாருங்கள். மர்யம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் இருக்கிறது. பிள்ளைக்காகக் கையேந்திய அந்த நபி முதலில் சொன்னது எதை? தன் எலும்பு தளர்ந்ததை, தன் தலை நரைத்ததை! தன் பலவீனத்தைச் சொன்ன பிறகே மனைவியின் நிலையைச் சொன்னார்கள். ஒரு நபிக்குத் தன் குறையை முதலில் சொல்வதில் கௌரவக் குறைச்சல் இல்லை. நமக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இந்தக் கௌரவம்? அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குக் குழந்தை இல்லை. அவர்கள்தாம் உம்முல் முஃமினீன், நம் அனைவருக்கும் தாய்! குழந்தை பெறாதவளை இழிவாகப் பேசும் நாவு, எந்தப் படியில் ஏறி நின்று பேசுகிறோம் என்று அஞ்சட்டும்.

ஏமாறாதீர்கள்!

இந்தத் துறைக்கு இன்று சட்டம் இருக்கிறது. செயற்கைக் கருத்தரிப்புத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் 2021ல் நிறைவேறி, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பதிவு பெறாத மையம் இந்தச் சிகிச்சையைச் செய்யக் கூடாது. தம்பதியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். பெண் 21 வயதுக்கு மேல் 50க்குக் கீழும், ஆண் 21க்கு மேல் 55க்குக் கீழும் இருக்க வேண்டும். முட்டை கொடுக்கும் பெண் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே முறைதான் கொடுக்கலாம். ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது.

சட்டம் வந்த அதே 2022ல் ஈரோட்டில் என்ன நடந்தது? 16 வயதுச் சிறுமிக்குப் போலி ஆதார் தயாரித்து, ஊசி போட்டு, திரும்பத் திரும்ப முட்டைகளை எடுத்து விற்ற கொடுமை ஜூன் மாதத்தில் வெளிவந்தது. பெற்ற தாயே கைதானாள். 'வேறு பெண்ணின் முட்டை இருக்கிறது, வேண்டுமா?' என்று யாராவது உங்களிடம் கேட்டால், அது மார்க்கத்தில் தடுக்கப்பட்டது என்பதோடு, அந்த முட்டைக்காக எந்த ஏழைப் பெண்ணின் வயிற்றில் எத்தனை ஊசி ஏறியதோ என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளே!

இது வீட்டுக்குள் முடிகிற விஷயமல்ல. 'பிள்ளை இல்லை, தலாக் கொடுக்கிறேன்', 'பிள்ளை இல்லை, இன்னொரு நிக்காஹ் செய்கிறேன்' என்று வழக்குகள் உங்கள் மேசைக்குத்தான் வருகின்றன. ஒரே ஒரு விதியை எழுதி வையுங்கள். குழந்தையின்மையைக் காரணம் காட்டி வருகிற எந்த ஆணின் மனுவையும், அவனுடைய விந்துப் பரிசோதனை அறிக்கை இல்லாமல் கையில் வாங்காதீர்கள். முதல் அறிக்கையில் குறை தெரிந்தால், இரண்டரை மாதம் கழித்து இன்னொன்று கேளுங்கள். புதிய விந்தணு உருவாகி முதிர அவ்வளவு காலம் பிடிக்கும். ஒரு காய்ச்சல் வந்துபோனால்கூட எண்ணிக்கை குறையும். சேர்ந்து வாழ்ந்த நாட்களின் கணக்கையும் கேளுங்கள். பாஸ்போர்ட்டில் முத்திரை இருக்கிறது, மறைக்க முடியாது! அறிக்கையை இரகசியமாகப் பேணுங்கள். ஆணின் மானமும் மானம்தான்.

வசதியற்ற தம்பதிக்குப் பைத்துல்மாலிலிருந்து பரிசோதனைச் செலவையாவது கொடுங்கள். ஊசிக்கும் ஸ்கேனுக்கும் போக வாகனமும் துணையும் ஏற்பாடு செய்யுங்கள். கத்தீபுமார்கள் வருடத்தில் ஒரு ஜும்ஆவையாவது இதற்கு ஒதுக்கட்டும்.

கணவன்மார்களே! மனைவியை மருத்துவமனைக்கு அனுப்புவதற்கு முன் நீ போ. உன் அறிக்கை கையில் வந்தபின் அவளை அழைத்துப் போ. ஊசி அவளுக்குத்தான் என்று முடிவானால், அந்தப் பன்னிரண்டு நாளும் அவள் பக்கத்தில் இரு. ஊசியைக் குளிர்ப்பெட்டியில் பத்திரமாக வைக்கவும், மணி பார்த்து எடுத்துக் கொடுக்கவும் கற்றுக்கொள். உன் தாயின் வாயையும், உன் சகோதரியின் வாயையும் அடக்க வேண்டியவன் நீதான். அந்தப் பொறுப்பையும் அவள் தலையில் போடாதே.

அவளுக்காக இன்னோர் உடம்பு ஊசியை வாங்கிக்கொள்ள முடியாது. அவள் மீது விழும் பழியையாவது நாம் தடுத்து நிறுத்த முடியும். பிள்ளையைக் கொடுப்பது அல்லாஹ்வின் நாட்டம். நீதமாக நடப்பது நம் கடமை. அந்தக் கடமையை நிறைவேற்ற வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! பிள்ளைச் செல்வத்துக்காக ஏங்கும் தம்பதிகளின் துஆக்களை ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.